பழைய கோல்ஃபுக்குப் புதிய கால்கள்

என்னுடைய 1990 மாடல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், அதாவது 1983 முதல் 1992 வரை வந்த இரண்டாம் தலைமுறை வண்டி, போன குளிர்காலத்தில் வேகத்தடை ஒன்றைத் தாண்டினால் தொட்டிலாய் ஆடி ஓய்ந்தது. முந்தைய உரிமையாளர் மலிவான காயில்ஓவர் செட் ஒன்றை மாட்டியிருந்தார். ஷாக் அப்ஸார்பரின் உடலில் மரை வெட்டி, அதில் ஏறி இறங்கும் வளையத்தின் மேல் ஸ்பிரிங்கை உட்கார வைக்கும் அமைப்பு இது. வளையத்தைத் திருகினால் கார் உயரும், தாழும். ஆனால் பனிக்காலத்தில் ஜெர்மன் சாலைகளில் உப்பு கொட்டுவார்கள். அந்த உப்பில் மரை துருவேறி, வளையம் ஸ்பானருக்கு அசையவே இல்லை. வெட்டித்தான் எடுத்தேன்.

அதனால்தான் இந்த முறை பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் உள்ள ஃபிக்டன்பெர்க் ஊரின் கே.டபிள்யூ. நிறுவனத்தாருடைய வேரியன்ட் 1 காயில்ஓவர் செட்டை வாங்கினேன். உடல் துருப்பிடிக்காத எஃகு, வளையம் பிளாஸ்டிக் கலவை. இரண்டும் ஒன்றோடொன்று இறுகிக்கொள்ள வழியில்லை.

ஹாம் நகரில் மணிக்கணக்கில் லிஃப்ட் வாடகைக்கு விடும் பட்டறையில் தம்பி ஒருவனோடு ஒரு சனிக்கிழமை முழுக்க வேலை. கோல்ஃப் இரண்டில் முன்னும் பின்னும் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஸ்ட்ரட் என்ற ஒரே தொகுப்பாக இருப்பதால் மாட்டுவது எளிது. கழற்றுவதில்தான் ஆபத்து. பழைய ஸ்ட்ரட்டின் உச்சி நட்டை ஸ்பிரிங் கம்ப்ரஸர் போடாமல் தொடவே கூடாது. ஸ்பிரிங் துள்ளினால் ஆளையே முடித்துவிடும். முன் ஸ்ட்ரட்டைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டுகளில் மேலேயுள்ளது சக்கரத்தின் சாய்வான கேம்பர் கோணத்தைத் தீர்மானிக்கிறது. அடையாளம் போட்டுக் கழற்றினாலும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். பேரிங்கோடு கூடிய மேல் ரப்பர் மவுண்ட்டையும் புதிதாகவே போட்டேன். முப்பது வருட ரப்பரின் மேல் புதிய ஷாக்கை வைத்தால் தடதட சத்தம் அப்படியே இருக்கும்.

“அண்ணை, இன்னும் கொஞ்சம் இறக்குங்கோ, வடிவா இருக்கும்” என்றான் தம்பி. நான் இறக்கவில்லை. அனுமதித்த அளவின் மேல் எல்லையிலேயே நிறுத்தினேன். அதிகம் தாழ்த்தினால் ஷாக் ஓட இடம் குறைகிறது, குழியில் அடி வாங்குவது காரின் உடல்தான்.

ஆட்டோபானில் பாதை மாறும்போது இப்போது வண்டி ஒரே அசைவில் நிற்கிறது. கல் பதித்த தெருவில் முதுகுக்குத் தெரிகிறது, அதை மறைக்க மாட்டேன். வேரியன்ட் 1-இல் ஷாக்கின் இறுக்கத்தை மாற்ற முடியாது. வேரியன்ட் 2-இல் ஸ்பிரிங் விரியும் பக்கத்தை மட்டும், 3-இல் அமுங்கும் பக்கத்தையும் மாற்றலாம். தினசரி ஓட்டத்துக்கு முதலாவதே போதும்.

மாட்டியதும் ட்யூஃப் என்ற வாகனப் பரிசோதனைக்குப் போயாக வேண்டும். செட்டோடு வரும் சான்றிதழைக் காட்டினால், சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளப்பார்கள், டயர் உரசுகிறதா என்று பார்ப்பார்கள், ஹெட்லைட்டையும் சரிபார்ப்பார்கள். இதைச் செய்யாமல் ஓட்டினால் வண்டியின் இயக்க அனுமதி ரத்தாகலாம். முப்பது வயது கடந்த கார்களுக்குரிய எச் எண் பலகை வைத்திருப்பவர்கள், செட் வாங்கும் முன்பே பரிசோதகரிடம் கேட்டுவிடுங்கள். சான்றிதழ் இல்லாத பழைய செட் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.