தொகுப்பில் தொலைந்த சீட்டு

சபைக்குத் தரிசன அறிக்கை எழுதித் தரும் முகாம்கள் நம் சேகரங்களில் பெருகிவிட்டன. வெளியிலிருந்து ஒரு நெறியாளர் வருகிறார். சனிக்கிழமை காலை ஜெபத்தோடு தொடங்கினால் சாயங்காலத்துக்குள் ஐந்தாண்டுத் திட்டம் தயார். அடுத்த வாரம் அது நீதிமொழிகள் 29:18-ஐத் தலைப்பில் தாங்கி, ஃபிளெக்ஸாக ஆலய வாசலில் ஏறிவிடும். யாராவது குறை சொன்னால் உடனே வரும் பதில்: "இது ஐயர் போட்ட திட்டமோ கமிட்டி போட்ட திட்டமோ இல்லை; சபையார் எல்லாரும் சேர்ந்து எழுதியது." அந்தப் பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நன்மைகள் உண்டு. ஐயர் மாற்றலாகிப் போனாலும் தொடங்கிய வேலை நிற்காமல் இருக்க ஓர் ஆவணம் உதவுகிறது. வாலிபரும் பெண்களும் கமிட்டிக்காரர்களுக்கு எதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். கட்டட நிதிக்கு மட்டும் கணக்குப் போட்டுவந்த சபை, மற்ற செலவுகளையும் யோசிக்கிறது. இவற்றை நான் மறுக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடப்பதுதான் என் ஆட்சேபம். காலையில் ஆளுக்கொரு சீட்டில் தங்கள் கவலையையும் ஆசையையும் எழுதிச் சுவரில் ஒட்டுகிறார்கள். மதியம் நெறியாளரும் இங்கிலீஷ் தெரிந்த இரண்டு மூன்று பேரும் அவற்றை இனம் பிரிக்கிறார்கள். நான் இருந்த ஒரு முகாமில், கோணல் எழுத்தில் ஒரு சீட்டு: "ஏழு மணி ஆராதனைக்கு எங்க ஊர்ல இருந்து பஸ் இல்லை." அதை 'ஆராதனை' என்ற தலைப்புக்குக் கீழே நகர்த்தினார்கள். சாயங்காலம் வாசித்த அறிக்கையில் அது "ஆராதனைப் பங்கேற்பை அதிகரித்தல்" என்று ஆகியிருந்தது. அதற்கான செயல்திட்டம், புது ஒலிபெருக்கியும் எல்.இ.டி. திரையும். கல்லறைத் தோட்டத்துக்கு வண்டி போகப் பாதையில்லை, பெட்டியைத் தோளில்தான் சுமக்கிறோம் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அது 'சமூக அக்கறை' ஆனது. ஒருமனதாக நிறைவேறியது என்று பதிவேட்டில் எழுதினார்கள்.

யாரும் வேண்டுமென்று ஏமாற்றவில்லை. சீட்டுகளுக்கு முன்பே தலைப்புகள் வந்துவிட்டன, அவ்வளவுதான். ரிக் வாரன் கலிஃபோர்னியாவில் தம் சபையை வளர்த்த அனுபவத்தை வைத்து 1995-ல் எழுதிய நூலில் ஐந்து நோக்கங்களை வகுத்தார்: ஆராதனை, ஐக்கியம், சீஷத்துவம், ஊழியம், சுவிசேஷம். நம் ஊர் முகாம்களின் சுவரிலும் அதே ஐந்து தாள்களைப் பார்க்கிறேன். பஸ் இல்லாத ஊர் இந்த ஐந்தில் எதற்குள் உட்காரும்?

இது சி.எஸ்.ஐ. சபைகளின் நோய் மட்டுமல்ல. கத்தோலிக்கத் திருச்சபை 2021 முதல் 2024 வரை நடத்திய மாமன்றப் பயணத்தில் பங்குதோறும் மக்கள் பேச்சைக் கேட்டார்கள். நல்ல முயற்சி. ஆனால் ஒரு மறைமாவட்டம் முழுவதும் கேட்டதைப் பத்துப் பக்கத்துக்குள் அடக்கச் சொன்னார்கள்; அதற்கு மேல் நாட்டளவில் ஒரு தொகுப்பு, கண்ட அளவில் ஒரு தொகுப்பு. ஒவ்வொரு படியிலும் ஊர்ப் பெயர்கள் உதிரும், குறைகள் கருத்துகளாகும்.

அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எருசலேம் சபையில் எழுந்த முறையீடு மிகத் திட்டவட்டமானது: கிரேக்கம் பேசும் விதவைகளுக்கு அன்றாட விசாரிப்பில் பங்கு சரியாகக் கிடைக்கவில்லை. அப்போஸ்தலர்கள் அதைப் பந்தி விசாரணைக் குறையாகவே எடுத்துக்கொண்டு சபையைக் கூட்டினார்கள். சபை தெரிந்துகொண்ட ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்ட பக்கத்தாரின் கைக்கே பொறுப்பு போயிற்று என்றுதான் நான் வாசிக்கிறேன். நம் முகாமில் நடந்திருந்தால் அந்த விதவைகள் 'ஐக்கியத்தை வலுப்படுத்துதல்' என்ற வரிக்குள் காணாமல் போயிருப்பார்கள்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். திருநெல்வேலியில் மிஷனரி ரேனியஸ் 1830-ல் தரும சங்கத்தைத் தொடங்கியபோது, கிறிஸ்தவர்களானதால் துரத்தப்பட்டவர்களுக்குக் குடியிருக்க இடம் தேவைப்பட்டது. சங்கம் நிலம் வாங்கியது. இன்ன ஆளுக்கு இன்ன குறை என்பதிலிருந்து கிளம்பிய வேலை அது.

"ஊரிலுள்ள எல்லாக் குறையையும் வைத்துத் திட்டம் போட முடியுமா?" என்று கேட்பார்கள். முடியாது, தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். ஆனால் பஸ் கோரிக்கையைத் தள்ளுவதானால், எழுதிய அம்மாவின் முகத்தைப் பார்த்து, காரணம் சொல்லித் தள்ள வேண்டும். நம் முறை அந்தச் சங்கடத்திலிருந்து கமிட்டியைக் காப்பாற்றுகிறது. அதனால்தான் கமிட்டிகளுக்கு இது இத்தனை பிடித்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சீட்டுகளை இனம் பிரிக்காதீர்கள். எழுதியபடியே சபைக் கூட்டத்தில் ஒவ்வொன்றாக வாசியுங்கள். எதிரே "செய்வோம்" அல்லது "இப்போது முடியாது, காரணம் இது" என்று எழுதுங்கள். ஆராதனையை ஒன்பது மணிக்கு மாற்றலாமா என்று கேட்டால், சீக்கிரம் முடித்துக்கொண்டு போக விரும்பும் டவுன்காரர்கள் எதிர்ப்பார்கள். எதிர்க்கட்டும், பஸ் இல்லாத ஊர்க்காரர்கள் கேட்கும்படி, எழுந்து நின்று எதிர்க்கட்டும். அதற்கு ஒரு சனிக்கிழமை போதாது என்றால், ஃபிளெக்ஸ் அடிப்பதை அடுத்த ஸ்தோத்திரப் பண்டிகைக்குத் தள்ளிவையுங்கள்.