தொட்டிக்கு அடியில் நிற்கும் கால்கள்

சமையலறையை இடித்துக் கட்டுவது என்று வீட்டில் முடிவானதும் மேஸ்திரி கேட்ட முதல் கேள்வி, "சார், மேடை எத்தனை இஞ்ச் வைக்கட்டும்?" என்பது. கேட்டது என் கணவரிடம். அவருக்குத் தேநீர் போடத் தெரியும். அதற்கு மேல் அந்த அறையோடு அவருக்குக் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை, "எல்லாரும் எப்படி வைக்கிறாங்களோ அப்படியே வைப்பா" என்று சொல்லிவிட்டு அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போய்விட்டார்.

அந்த "எல்லாரும்" யார் என்று தேடிப் போனேன். கும்மிடிப்பூண்டியில் டைல்ஸ் கடை, கிரானைட் கடை, மாடுலர் கிச்சன் கடை என்று மூன்று வாரம் அலைந்தேன். எல்லா இடத்திலும் மேடையின் உயரம் 34 அங்குலம். ஏன் 34 என்று கேட்டால், "அதுதான் மேடம் ஸ்டாண்டர்ட்" என்பார்கள். யாருடைய உயரத்துக்கு அது ஸ்டாண்டர்ட் என்பது விலைப்பட்டியலில் இல்லை. நான் ஐந்தடி ஒரு அங்குலம். அத்தை நாலடி ஒன்பது. பகல் சமையல் முழுக்க அத்தையுடையது. நான் கல்லூரி விட்டு வந்து இரவுக்கு நிற்பவள்.

அந்தப் பருவத்தில் முதுகலை மாணவிகளுக்கு அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' நடத்திக்கொண்டிருந்தேன். 1988-ல் க்ரியா வெளியிட்ட தொகுப்பின் தலைப்புக் கதை. பல வருடமாக நடத்தும் கதைதான். மலை என்றால் விடுதலை, துணிக்கொடி என்றால் தடை, சமையலறை என்றால் பெண்ணின் சுருங்கிய உலகம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டே பழகிவிட்டது. வீட்டில் சுவரை இடித்துக்கொண்டிருந்த நாட்களில் அதை மறுபடி படித்தபோதுதான், அந்தக் கதையின் நடுவில் மிகத் துல்லியமான ஒரு கட்டடக் குறிப்பு இருப்பது கண்ணில் பட்டது.

அந்த ராஜஸ்தான் வீட்டின் சமையலறையில் ஜன்னலுக்குக் கீழே குழாயும் தொட்டியும் இருக்கின்றன. ஒரு பெரிய தட்டுகூட அடங்காத சின்னத் தொட்டி. தண்ணீர் வடிவதற்குச் சரியான தடுப்பு இல்லை. குழாயைத் திறந்தால் நிற்பவளின் கால் நனைகிறது. கொஞ்ச நேரத்தில் காலடியில் வெள்ளம். ஓயாத ஈரத்தில் குதிகால் வெடிக்கிறது. ஜன்னலுக்கு வெளியே பச்சை மலை. ஆனால் வராந்தாவில் காயும் துணிகள் அதை மறைக்கின்றன. தெற்கிலிருந்து வந்த மருமகள் மீனாட்சி, வராந்தாவை நீட்டலாம், பாத்திரம் கழுவப் பெரிய தொட்டி கட்டலாம் என்று மாமனாரிடம் சொல்லிப் பார்க்கிறாள். கிடைக்கும் பதில் வராந்தாவில் இன்னும் ஒரு கொடி.

நாம் அந்தக் கொடியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். தொட்டியைப் பற்றிப் பேசுவதே இல்லை. மீனாட்சி கேட்டது மலையை மட்டும் அல்ல, காய்ந்த தரையையும்தான். பப்பாஜி கொடுங்கோலர் அல்ல. விருந்தோம்பல் தெரிந்தவர், வகைவகையாகச் சாப்பிட விரும்புகிறவர். வீட்டை நினைத்தபோதெல்லாம் அறை அறையாகக் கட்டி நீட்டியவரும் அவர்தான். அந்தக் குதிகாலை மட்டும் அவர் பார்த்ததில்லை. வடிகால் வைக்க வேண்டுமென்றால், அங்கே ஒருத்தி தினமும் எத்தனை மணிநேரம் நிற்கிறாள் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

மாணவிகள் உடனே ஜியோ பேபி 2021-ல் இயக்கிய 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' மலையாளப் படத்துக்குத் தாவினார்கள். 2023-ல் தமிழிலும் வந்ததால் பலரும் பார்த்திருந்தார்கள். அதிலும் ஒழுகுவது சிங்க்கின் குழாய்தான். பிளம்பரைக் கூப்பிடச் சொல்லி அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், கணவன் மறந்துகொண்டே இருக்கிறான். கடைசியில் அந்த அழுக்குத் தண்ணீர் யார் மேல் போய் விழுகிறது என்பது படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். முப்பது வருட இடைவெளியில் ஒரு சிறுகதையும் ஒரு படமும் அதே சிங்க்குக்கு அடியில் வந்து நிற்கின்றன. தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுப்புக்கு அருகில் நிற்கும் பெண்ணைப் பாட்டிலும் விளம்பரத்திலும் கொண்டாட முடியும். கழுவுகிறவளைக் கொண்டாட ஒன்றும் இல்லை. அங்கே இருப்பது வேலை மட்டும்தான்.

அந்த வேலைக்குக் கணக்கும் உண்டு. 2024-ம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் நாளொன்றுக்கு சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். இந்த எண்ணைச் சொன்னபோது வகுப்பில் யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒருத்தி மட்டும் "88 நிமிஷம் என்ன மேடம் பண்றாங்க?" என்று கேட்டாள்.

சமையலறையை நிமிடக் கணக்கில் அளந்து கட்டிய ஒரு பெண் இருந்தார். மார்கரெட்டே ஷூட்டே-லிகோட்ஸ்கி, ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர். 1926-ல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயிலில் உணவுப் பெட்டியின் சமையலறை எப்படி இயங்குகிறது என்று பார்த்து, ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையிலுள்ள காலடிகளைக் குறைத்தார். மாவுக்கும் அரிசிக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள், கழுவிய தட்டு தானே வடியும் தாங்கி, ஜன்னலோரம் ஒரு வேலைப்பலகை, அதன்முன் சுழலும் முக்காலி. சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. இன்று மாடுலர் கிச்சன் என்று நம் தலையில் கட்டப்படும் எல்லாவற்றுக்கும் பாட்டி அதுதான். வேடிக்கை என்னவென்றால், அதை வடிவமைக்கும்வரை தான் குடும்பம் நடத்தியதும் இல்லை, சமைத்ததும் இல்லை என்று அவரே பிற்காலத்தில் சொன்னார். நாஜிகளை எதிர்த்துச் சிறை சென்றவர். 102 வயது வரை வாழ்ந்து 2000-ல் இறந்தார்.

பின்னால் வந்த பெண்ணியவாதிகள் அந்தச் சமையலறையைக் கடுமையாக விமர்சித்தார்கள். ஒரே ஒருத்தி மட்டும் நிற்கக்கூடிய இடம் அது. பிள்ளைகளும் புருஷனும் வெளியே, அவள் உள்ளே தனியாக. வேலையைச் சுலபமாக்கினார், ஆனால் அது அவள் வேலைதான் என்பதைச் சுவர் வைத்து உறுதி செய்துவிட்டார் என்றார்கள். நியாயமான விமர்சனம். ஆனாலும் அந்த முக்காலி என் மனதை விட்டு நீங்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து காய் நறுக்க ஓர் இடம். நான் ஏறி இறங்கிய கடைகளில் ஒன்றில்கூட உட்கார இடம் காட்டவில்லை.

நம் சமையலறைகள் தரையிலிருந்து எழுந்து நின்று ரொம்ப காலம் ஆகவில்லை. விறகடுப்பு தரையில் இருந்தது. அம்மி, ஆட்டுக்கல், அரிவாள்மனை எல்லாம் தரையில். கேஸ் வந்தபிறகு, சிலிண்டரைவிட அடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும் என்ற பாதுகாப்பு விதியோடு மேடை வந்தது. பிறகு மிக்ஸியும் கிரைண்டரும். 2011-ல் அரசின் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அப்போது எத்தனையோ வீடுகளில் கிரைண்டர் கூடத்து மூலையில் டிவி பக்கத்தில் போய் உட்கார்ந்தது. காரணம், சமையலறையில் பிளக் பாயின்ட் கிடையாது. கட்டிய யாரும் அங்கே ஒரு பிளக்குக்கு மேல் தேவைப்படும் என்று நினைக்கவில்லை. கருவிகள் எல்லாம் மாறிவிட்டன. ஆனால் அத்தையின் உடம்பு தரையில்தான் பழகியது. கீரை ஆய, வெங்காயம் உரிக்க, மீன் கழுவ அவருக்கு உட்கார வேண்டும். உட்கார்ந்தால் முட்டி வலியில் எழுந்திருக்க முடியாது.

மேடைக்கு வருகிறேன். நிற்பவளின் முழங்கையிலிருந்து நாலைந்து அங்குலம் கீழே மேடை இருந்தால் தோள் வலிக்காது என்பது எளிய கணக்கு. அத்தைக்கு அது 31 வருகிறது, எனக்கு 33. ஆகவே அடுப்பு வரும் பக்கம் 31, மற்ற பக்கம் 33 என்றேன். மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "லெவல் உடையும் டீச்சரம்மா. ஹாலில் இருந்து பார்த்தா அசிங்கமா இருக்கும்" என்றார். கவனியுங்கள், ஹாலில் இருந்து. அந்த அறையில் ஒருபோதும் நிற்காதவர் சோபாவில் உட்கார்ந்தபடி பார்க்கும் கோணம்தான் கடைசித் தீர்ப்பு.

வாஸ்து தனி அத்தியாயம். வீட்டின் தென்கிழக்கு, அதாவது அக்னி மூலை. சமைப்பவள் கிழக்கே பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் கிழக்கே மூன்றடி தள்ளி அடுத்த வீட்டுச் சுவர். முருங்கை மரமும் காற்றும் தெற்கே. "தெக்கப் பாத்து சமைச்சா குடும்பத்துக்கு ஆகாது" என்றார் அத்தை. சண்டை போடலாம் என்று நினைத்தேன். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தால், நாங்கள் இருவரும் அடுப்பின் முன் நிற்பதைவிட நறுக்குவதிலும் கழுவுவதிலும்தான் அதிக நேரம் செலவிடுகிறோம். அடுப்பை அவர் சொன்ன கிழக்கிலேயே விட்டுவிட்டு, தெற்கு ஜன்னலை உட்கார்ந்தால் வெளியே தெரியும்படி இரண்டரை அடி உயரத்துக்கு இறக்கி, அதன் கீழே 15 அங்குல உயரத்தில் ஒரு சின்னத் திண்ணை கட்டச் சொன்னேன். அரிவாள்மனை அதன்மேல். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சிமென்ட் காய்வதற்குள் இரண்டு முறை உட்கார்ந்து பார்த்துவிட்டார்.

இதையெல்லாம் கொஞ்சம் பெருமையோடுதான் வகுப்பில் சொன்னேன். சிப்காட் பக்கம் வாடகைக்கு இருக்கும் ஒரு மாணவி எழுந்தாள். "மேடம், எங்க வீட்டுல மூலையே இல்ல. பத்துக்குப் பத்து ரூம். சமையலறைக்குள்ளதான் நாங்க தூங்குறோம்." வகுப்பு சிரித்தது, அவளும் சிரித்தாள். அவள் இருக்கும் லைன் வீட்டில் ஆறு குடும்பத்துக்கு ஒரே குழாய், ஒரே கழுவும் இடம். அடுத்த வரிசையில் வடமாநிலத்துப் பையன்கள் ஷிப்ட் முடிந்து வந்து தாங்களே மாவு பிசைந்து ரொட்டி சுடுகிறார்களாம். "ஊருக்குப் போனா தட்டுகூட எடுத்து வைக்க மாட்டாங்களாம் மேடம், அவங்களே சொல்றாங்க." வீட்டில் ஒரு பெண் இல்லாத இடத்தில் ஆணுக்குச் சமையல் தானாக வந்துவிடுகிறது. சமையலறையின் அமைப்பைப் பற்றிப் பேசும் எந்தப் புத்தகத்திலும் இந்த லைன் வீடுகளின் வரைபடத்தை நான் பார்த்ததில்லை. அம்பையின் கதைக்கும்கூட ஒரு மூலையாவது தேவைப்படுகிறது.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது பாத்திரம் தேய்க்க வரும் பெண் பின்பக்கம் குந்தியிருந்தாள். எட்டு வருடமாக வருகிறாள். மாமரத்தடியில் ஒரு குழாய், ஒரு சிமென்ட் தளம், வாட்டம் சரியில்லாததால் எப்போதும் தேங்கும் தண்ணீர். அவள் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண். வெள்ளையாக ஊறிய தோல். மூன்று வாரமாக நான் பேசிய உயரக் கணக்குகளில், ஜன்னல் கணக்குகளில் அவள் ஒரு இடத்திலும் வரவில்லை. நான் வரைந்த படம் சமையலறையின் பின்கதவோடு முடிந்திருந்தது.

ஏன் வெளியே? "வெளியே கழுவுறதுதான் வசதி, வீடு நாறாது" என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். உண்மை அதுவல்ல. அத்தை அவளைச் சமையலறைக்குள் விடுவதில்லை. அதற்குப் பெயர் சாதி. பெண்ணியக் கூட்டங்களில் கவிதை வாசித்துவிட்டு வந்து எட்டு வருடம் அந்தப் பின்கதவு வழியாக எச்சில் பாத்திரத்தை வெளியே வைத்தவள் நான்தான்.

டேப்பை எடுத்துக்கொண்டு போய், "எழுந்து நில்லும்மா, உயரம் பார்க்கணும்" என்றேன். "எனக்கு எதுக்குக்கா? நான் குந்திக்கினே கழுவிடுவேன்" என்றாள். செங்கல் சுமந்துகொண்டிருந்த சித்தாள் பெண் நின்று வேடிக்கை பார்த்தாள். அவளையும் இந்தக் கட்டடத்தில் யாரும் அளக்கவில்லை. உள்ளே தெற்குச் சுவரில் அகலமான சிங்க், நல்ல ஆழம், முன்பக்கம் தண்ணீர் வழியாத விளிம்பு என்று படத்தை மாற்றினேன். செலவு கூடியது, சிம்னியை விட்டுவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனோடு நிறுத்திக்கொண்டோம்.

வேலை முடிந்து நாலு மாதம் ஆகிறது. முதல் இரண்டு நாள் அவள் உள்ளே வந்து நின்றபடி கழுவினாள். மூன்றாம் நாள் கல்லூரியிலிருந்து வந்து பார்த்தால் பாத்திரங்கள் மறுபடி மாமரத்தடியில். யார் கொண்டுபோய் வைத்தது என்று நான் கேட்கவில்லை. அத்தையும் சொல்லவில்லை. அடுத்த வாரம் மேஸ்திரியைக் கூப்பிட்டு அங்கேயும் நின்று கழுவும் உயரத்துக்கு ஒரு மேடை போட்டு, வாட்டம் சரிசெய்து, தண்ணீரைக் குழாய் வழியாக மரத்துக்குத் திருப்பினேன். அவள் கால் இப்போது காய்ந்திருக்கிறது. அத்தையிடம் பேச வேண்டிய பேச்சை நான் இன்னும் பேசவில்லை. துணி காய இடம் வேண்டும் என்று சொல்லிக் கொடி கட்டிய பப்பாஜியைப் போல, மழைக்கு மேல் ஒரு கூரைத் தகடும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.