அச்சு முதலில், துணி பிறகு

திருப்பூர்–தாராபுரம் சாலையில் உள்ள அவிநாசிபாளையத்தில் பிரிண்டிங் தெரிந்த யாரையும் கேளுங்கள்: துணியை மேசையில் விரித்த பிறகுதான் சாயம் இறங்கும் என்பார். டிசைனை மேசையில் போட்டுவிட்டு அதன்மேல் துணியை விரிக்கிறேன் என்றால் சிரிப்பார். 2001-இல் ஜுனைத் ஜியாவுதீனும் டேவிட் சபாட்டினியும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அந்தத் தலைகீழ் வேலையைத்தான் செய்தது.

அதுவரை செல்களை வளர்த்துவிட்டு, அவற்றின்மேல் மரபணுவைச் சேர்ப்பதே வழக்கம். ஒவ்வொரு மரபணுவுக்கும் தனிக் குழி வேண்டும். இவர்கள் மரபணுவின் டி.என்.ஏ.வை ஜெலட்டின் கரைசலில் கலந்து, கண்ணாடித் தகட்டில் ரோபோ ஊசியால் புள்ளிகளாக அச்சிட்டு உலர்த்தினார்கள். டி.என்.ஏ. செல்லுக்குள் நுழைய உதவும் கொழுப்புக் கரைசலை மேலே தடவி, செல்கள் மிதக்கும் ஊட்டத் திரவத்தை ஊற்றினார்கள். புள்ளியின்மேல் படிந்த செல்கள் மட்டும் அந்த மரபணுவை வாங்கிக்கொண்டு அதற்குரிய புரதத்தைச் செய்யத் தொடங்கின.

இதில் ஜெலட்டினின் வேலையை ரசிக்க வேண்டும். டி.என்.ஏ. கரைந்து பக்கத்துப் புள்ளிக்கு ஓடாமல் பிடித்துவைக்கிறது. செல் வந்து கேட்டால் விட்டும் கொடுக்கிறது. அதனால்தான் சுமார் 0.15 மில்லிமீட்டர் புள்ளிகளைச் சுவரே இல்லாமல் அருகருகே வைக்க முடிகிறது. தகடு முழுக்க ஒரே செல்கள், ஒரே திரவம். வேறுபடுவது காலடியில் இருக்கும் மரபணு மட்டும். எந்த மரபணு என்று தனியாகக் குறிக்கவும் வேண்டாம். இருக்கும் இடமே அதன் பெயர்.

மருந்தின் இலக்கைப் பிடிப்பதும் அப்படித்தான். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மருந்துக்குக் கதிரியக்க அடையாளம் இட்டுத் தகட்டில் விட்டார்கள். அது எஃப்.கே.பி.பி.12 என்ற புரதத்தைச் செய்யும் புள்ளிகளில் போய் ஒட்டியது. அந்தப் புரதம்தான் அதன் இலக்கு என்பது ஏற்கெனவே தெரியும். தகடும் தவறாமல் அதையே காட்டியது.

பிறகு, மரபணுவின் வாயை அடைக்கும் ஆர்.என்.ஏ. துண்டுகளையும் இதேபோல அச்சிட்டார்கள். ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட மைட்டோசெக் ஆய்வில், மனிதனின் சுமார் 21,000 மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கி, செல்கள் பிரிவதை இரண்டு நாள் படமெடுத்துப் பார்த்தார்கள்.

தகட்டில் ஒட்டி வளரும் செல்களுக்குத்தான் இது தோதுப்படும். அளவுக்கு மீறிப் புரதம் செய்யும் செல் பொய்யும் சொல்லும். ஆகவே கிடைத்ததை வேறு வழியில் சரிபார்த்தே ஆக வேண்டும். கண்ணாடி, ஜெலட்டின், அச்சு ரோபோ எல்லாம் முன்பே இருந்தவை. வரிசையை மாற்றிப் பார்த்த துணிச்சல் மட்டுமே புதியது. பாராட்டு அதற்கே சேரும்.