ஆர்பிஎம்மும் அதன் கணக்குப் புத்தகமும்

ஃபெடோரா 33 வந்தது 2020 அக்டோபரில். அப்போ எல்லாரும் பேசினது பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை இயல்பிருப்பாக வந்ததைப் பத்தித்தான். எனக்கு அதைவிடப் பெரிசாகப் பட்டது, ஆர்பிஎம்மின் தரவுத்தளம் பெர்க்லி டிபியிலிருந்து எஸ்கியூலைட்டுக்கு மாறினது.

எந்தப் பொதி நிறுவப்பட்டிருக்கு, எந்தக் கோப்பு எந்தப் பொதிக்குச் சொந்தம் என்ற கணக்கெல்லாம் அந்த ஒரே இடத்தில்தான் இருக்கு. அது கெட்டாலும் இயந்திரம் ஓடும். ஆனால் ஒரு பாதுகாப்பு அப்டேட்கூடப் போட முடியாது. மேம்படுத்தல் நடுவே கரண்ட் போனாலோ, யாராவது பொறுமையிழந்து கில் கொடுத்தாலோ பழைய தரவுத்தளம் உளற ஆரம்பிக்கும். அடிக்கோடு-டிபி என்று தொடங்கும் கோப்புகளை அழிச்சிட்டு ரீபில்ட்-டிபி ஓட்டுவது சிசாட்மின்களின் பாட்டி வைத்தியம். நானும் ராத்திரி இரண்டு மணிக்கு இந்தக் கஷாயம் காய்ச்சியிருக்கேன்.

குறை பெர்க்லி டிபியோடது மட்டும்னு சொன்னால் அநியாயம். அதற்குப் பரிவர்த்தனை வசதி உண்டு. ஆர்பிஎம் அதைப் பயன்படுத்தவே இல்லை. உரிமச் சிக்கல் தனிக்கதை: 2013ல் வந்த பெர்க்லி டிபி 6 ஏஜிபிஎல் உரிமத்துக்கு மாறியதால் ஃபெடோரா 5.3லேயே நின்றது. பராமரிப்பாரற்ற ஒரு நூலகத்தின் மேல் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்ததுதான் என் முதல் புகார். மாற்று கண்ணெதிரே இருந்தது. எஸ்கியூலைட் பொதுவுடைமை நிரல், உரிமத் தகராறே கிடையாது.

ஓபன்சூசே வேறு வழியில் போச்சு. ஆர்பிஎம்முக்கென்றே எழுதப்பட்ட என்டிபியை எடுத்துக்கிட்டது. பொதுவான தரவுத்தளக் கருவிகளால் திறக்க முடியாத வடிவம் எதற்குன்னு முதலில் முகம் சுளித்தேன். பிறகு எஸ்கியூலைட் கோப்பைத் திறந்து பார்த்தேன். பேக்கேஜஸ் அட்டவணையில் இருப்பது ஒரு எண், ஒரு பைனரி மூட்டை, அவ்வளவுதான். செலக்ட் போட்டுப் பொதியின் பதிப்பைப் படிச்சிடலாம்னு நினைக்காதீங்க. ஆக வெளிப்படைத்தன்மை என்ற வாதம் பாதிதான் நிற்குது. நம்பகத்தன்மை என்ற வாதம் முழுசாக நிற்குது, அதனால் என் ஓட்டு எஸ்கியூலைட்டுக்கே.

ஆனால் இயல்பிருப்பை மாற்றுகிறவர்கள் தங்கள் வீட்டு வாசலோடு கணக்கை முடிச்சிடறாங்க. ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் 8 பெர்க்லி டிபியில் இருக்கு, 9 எஸ்கியூலைட்டில். புது ஃபெடோராவில் உட்கார்ந்து, சென்ட்ஓஎஸ் 7க்கான கன்டெய்னர் படிமத்தை இன்ஸ்டால்ரூட் வழியாகக் கட்டினால் உள்ளே எழுதப்படுவது எஸ்கியூலைட். உள்ளே இருக்கும் பழைய ஆர்பிஎம்முக்கு அது தெரியவே தெரியாது. பொதிகள் எல்லாம் வட்டில் இருக்கும், பட்டியல் மட்டும் காலியாக வரும். தரவுத்தளக் கோப்பை நேரடியாகப் படிச்சு பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் கருவிகளுக்கும் இதே கதிதான், புது வடிவத்தைத் தனியாகக் கத்துக்கணும். படிமம் கட்டுறவங்களுக்கு நம்பகமான ஒரு வழி இருக்கு: இலக்கு அமைப்பின் சொந்த ஆர்பிஎம்மை முதலில் உள்ளே இறக்கி, மீதியை அதை வைத்தே நிறுவணும். மாக் கருவியின் பூட்ஸ்ட்ராப் செய்வது இதைத்தான்.