இரு தோழர்களும் தேவியின் தீர்ப்பும்

வெளியூரிலிருந்து வரும் உறவினரை மட்டாஞ்சேரி அரண்மனைக்கு அழைத்துச் செல்லாத தமிழ்க் குடும்பம் நம்மிடையே இராது. 1555-ஆம் ஆண்டளவில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்து, பின்னர் டச்சுக்காரர் செப்பனிட்டமையால் டச்சு அரண்மனை என்றே பெயர் பெற்றுவிட்ட மாளிகை அது. அதன் பள்ளியறைச் சுவர்களில் விளங்கும் இராமாயணக் காட்சிகளை விரல் நீட்டி விளக்கும் நாம், வேறோர் ஓவியத்தின் முன் வந்ததும் பிள்ளைகளை விரைந்து நடத்திச் சென்றுவிடுகின்றோம். அவ்வோவியத்தில், மோகினி வடிவு கொண்ட திருமாலைச் சிவபெருமான் தழுவி நிற்கின்றார். வெள்ளை விடையின்மீது அமர்ந்த உமையவள் அதனைத் திகைப்புடன் நோக்குகின்றாள். கார்த்திகை பிறந்தால் மாலையணிந்து, ஹரிஹர சுதனே என்று வாயார அழைக்கும் நமக்கு, அப்பெயரின் பொருள் சுவரில் வண்ணமாக நிற்கும்போது மட்டும் நாணம் வந்துவிடுகின்றது.

இதனை இங்கே கூறக் காரணம் உண்டு. நம் வீட்டு இளையோர் இன்று ஆங்கிலத்தில் விரும்பிப் படிக்கும் கதைகளுள் ஒருவகை, இரு இளைஞரிடையே அரும்பும் காதலை ஆவிகளோடும் சாபங்களோடும் உருமாற்றங்களோடும் பின்னிச் சொல்வது. "இது எந்த நாட்டுச் சரக்கு?" என்று பெரியோர் சிலர் முகம் சுளிக்கின்றனர். சரக்கு நம் வீட்டுப் பரணிலேயே கிடக்கின்றது என்பதே நாம் கூற விரும்பும் விடை.

கந்தபுராணத்தின் வடமொழி மூலமாகிய ஸ்காந்தத்தில் பிரமோத்தர காண்டம் என்றொரு பகுதி உண்டு. தென்காசிப் பாண்டியருள் ஒருவரான வரதுங்கராமர் அக்காண்டத்தைத் தமிழில் பாடித் தந்தார். சோமவார விரதத்தின் பெருமையைக் கூறும் அக்காண்டத்தில்தான் சுமேதன், சாமவான் என்னும் இரு அந்தண இளைஞரின் கதை வருகின்றது. விதர்ப்ப நாட்டில் நண்பர் இருவருக்குப் பிறந்த பிள்ளைகள் அவர்கள். ஒன்றாக வளர்ந்து, ஒன்றாகவே கலைகள் பயின்றவர்கள். திருமணப் பருவம் வந்தபோது பொருள் வேண்டி அரசனிடம் சென்றனர். அரசனோ விளையாட்டாக ஒரு வழி கூறினான். நிடத நாட்டு அரசி சீமந்தினி திங்கள்தோறும் அந்தணத் தம்பதியரை அம்மையப்பராகவே எண்ணி வழிபட்டுப் பொருள் வழங்குபவள். உங்களுள் ஒருவன் பெண் வேடம் பூண்டு செல்க என்றான். இளைஞர் தயங்கினர்; அரச ஆணைக்கு அஞ்சி இசைந்தனர். சாமவான் பெண் வேடம் கொண்டான்.

அரசி கண்டவுடனே உணர்ந்துகொண்டாள், எதிரே இருப்பவன் ஆடவன் என்று. ஆயினும் புன்னகையோடு அவனையே தேவியாகப் பாவித்துப் பூசனை செய்தாள். கதையின் உயிர் இந்தப் புன்னகையில் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகின்றது. அவள் வேடத்தைக் கலைத்திருக்கலாம், சினந்திருக்கலாம், ஏவலரை அழைத்திருக்கலாம். அவள் செய்ததோ வணக்கம். அந்த வணக்கத்தின் வலிமையால், திரும்பும் வழியில் சாமவான் மெய்யாகவே பெண்ணாகின்றான், தோழனை விரும்புகின்றான். இல்லை, இனி விரும்புகின்றாள் என்றே எழுத வேண்டும்.

இங்கேதான் திறனாய்வாளன் சற்று நிற்க வேண்டியிருக்கின்றது. நேற்றுவரை ஓருயிராய்ப் பழகிய சுமேதன், இன்று அவள் ஆசையைச் சொன்னதும் திகைத்து விலகுகின்றான்; பெற்றோரிடம் போய்ச் சேரும்வரை இணங்கவில்லை. மாயம் உடலை மாற்றிவிட்டது. மனத்தைத் தேற்ற அதனால் இயலவில்லை. வெறும் விரத மகிமைக் கதைக்கு இவ்வளவு உளவியல் தேவையில்லை. ஆயினும் ஒரு குறையையும் மறைப்பதற்கில்லை. இருவர் அன்பும் ஒருவன் உடல் மாறிய பின்னரே காதல் என்னும் பெயரைப் பெறுகின்றது. தோழர்களாகவே அவர்கள் இணைந்து வாழ அக்கதை உலகில் இடமில்லை. அவ்விடத்தைத் தரும் துணிவு கதைக்கு இல்லாமையால் தெய்வத்தை அழைத்துக்கொண்டது என்றும் சொல்லலாம். மோகினியின் கதையிலும் இதுவே நிகழ்கின்றது.

வேடம் வேண்டாத அன்பு நம் பழம்பாடல்களில் இல்லையா என்று கேட்பின், புறநானூற்றுப் பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் நினைவுக்கு வருவர். கண்ணால் காணாத நண்பனுக்காக வடக்கிருந்து உயிர் விட்டவர் ஆந்தையார். நடுகல்லாகிய பின்னும் சோழன் தமக்கு இடம் தந்ததாகப் பாடினார் பொத்தியார். அவ்வன்பைக் காதல் என்று நாம் பெயரிடத் துணியவில்லை. சான்றோர் நட்பு என்றனர், அப்படியே இருக்கட்டும். ஆனால் ஆடவர் ஒருவர் இன்னொருவருக்காக உயிரையே தந்த செய்தி நமக்குப் புதிதன்று.

தேவதத் பட்டநாயக் 2008-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'கர்ப்பிணி அரசன்' என்னும் பொருள்படும் தலைப்புடைய நாவலில் இவ்விரு இளைஞரும் மீண்டும் வருகின்றனர். அங்கே அவர்களுக்கு மணம் இல்லை. மன்னனின் தண்டனையால் மாண்டு, ஆவிகளாகி அவனையே தொடர்கின்றனர். பழைய புராணம் மணவறை கட்டிய இடத்தில் புதிய நாவல் ஈமத்தீ மூட்டியது ஏன்? இக்காலத்தை அவ்வாசிரியர் நன்கறிந்திருந்தார் என்றே கொள்கின்றோம். ஒரே பாலினத்தார் உறவைக் குற்றமாக்கிய சட்டப்பிடியை உச்ச நீதிமன்றம் நீக்கியது 2018-இல்தான். அவர்தம் திருமணத்தை ஏற்கச் சொல்ல இயலாதென அதே நீதிமன்றம் கூறியது 2023-இல்.

அதே 2023-இல் ஜியோ பேபியின் இயக்கத்தில் வந்த 'காதல்: தி கோர்' என்னும் மலையாளப் படத்தை நம்மவர் பலர் பார்த்திருப்பர். அதில் மாயம் ஏதுமில்லை. இளமையில் வாய் திறக்க முடியாத ஒருவன், குடும்பத்தார் சொற்படி மணந்துகொண்டு முதுமையை நெருங்குகின்றான். மணவிலக்குக் கேட்டு நீதிமன்றம் ஏறுபவள் மனைவி. ஜோதிகா ஏற்ற அந்தப் பாத்திரத்தைக் கண்டபோது, அரண்மனைச் சுவரில் விடைமீதமர்ந்து நோக்கும் அம்மையே நம் நினைவுக்கு வந்தாள். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று நம் தெருக்களிலும் சொல்லப்படுவதுண்டு. அவ்வாறு சொல்வோர் அந்தப் பெண்ணின் இருபது ஆண்டுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனிப் புராணத்தின் இறுதிக்கு வருவோம். சாமவானின் தந்தை சாரசுவதர் ஒரே மகனை இழந்தேன் என்று அரசன்முன் கதறுகின்றார். வம்சம் போயிற்று, நீத்தார் கடன் செய்வார் யார் என்பதே அவர் அழுகை. பிழைப்புக்காகப் பிறந்த மண்ணை விட்டு வந்து, பிள்ளைகளையே முதலாகக் கருதி வாழும் நமக்கு அவ்வழுகை நன்கு விளங்கும். அதனை எள்ளி நகையாட நாம் துணியோம். அரசனும் முனிவரும் நோன்பிருந்து தேவியை வேண்டுகின்றனர். தேவி தோன்றுகின்றாள். தன் அடியாள் செய்ததை மாற்றத் தன்னாலும் இயலாது என்கின்றாள். சாரசுவதருக்கு இன்னொரு மகன் பிறப்பான். சாமவதி சுமேதனுக்கே மனைவியாவாள் என்று தீர்ப்பளிக்கின்றாள். அவ்வாறே மணம் நிகழ்கின்றது.

தந்தை கேட்டது பழைய மகனை. கிடைத்ததோ புதிய மகன். இழந்ததாக அவர் அழுத பிள்ளை அங்கேதான், பெண்ணாக, உயிரோடு நின்றுகொண்டிருந்தது. மணமேடையில் அவள் தந்தையின் காலில் விழுந்தபோது அவர் என்ன சொல்லி வாழ்த்தினார்? பலன்களையெல்லாம் பட்டியலிடும் புராணம் அந்த ஒரு வாழ்த்தை எழுதாமல் விட்டிருக்கின்றது.