தரையோடு ஒரு வெட்டு

1957இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், வான்கோழிப் பண்ணைக்காரர் ஒருவருக்காகக் கெல்லர் சகோதரர்கள் செய்துகொடுத்த குட்டி லோடரின் வாரிசுதான் இன்றைய ஸ்கிட் ஸ்டீர். நம் ஊரில் அதை ‘பாப்கேட்’ என்றால்தான் தெரியும். முன்னால் எதை மாட்டுகிறோமோ அந்த வேலைக்கு அது தயார். மாட்டுபவற்றில் தனி அழகு, மரம் நறுக்கும் கத்தரிக்கு.

ஒக்லஹோமா, கான்சஸ் புல்வெளிகளில் அதன் அருமை புரியும். அங்கே மேய்ச்சல் நிலத்தைச் சிவப்பு சீடர் மரங்கள் விழுங்கிவருகின்றன. கத்தரியின் தாடைகள் மண்ணை உரசியபடி அடிமரத்தைக் கவ்வும். ஹைட்ராலிக் சிலிண்டர் தள்ளத் தள்ள, பட்டை நசுங்கி, நார் முறிந்து, மரம் சாயும். கடைசிப் பச்சைக் கிளைக்குக் கீழே வெட்டிவிட்டால் சீடர் மறுபடி துளிர்ப்பதில்லை. ஆகவே தரையோடு படிந்து வெட்டும் கத்தரியைத்தான் தேடி வாங்க வேண்டும்.

டெக்சாஸின் மெஸ்கிட் மரம் வேறு ரகம். சீமைக் கருவேலத்தின் நெருங்கிய சொந்தம் ஆயிற்றே, வெட்ட வெட்டக் கிளம்பும்! வெட்டிய கட்டையில் அப்போதே களைக்கொல்லி தெளிக்கும் குழாய் பொருத்திய கத்தரிதான் அதற்குச் சரி.

கத்தரிக்குப் பதிலாகச் சுழலும் ரம்பத்தையும் மாட்டலாம்; அது வேகமானது. ஆனால் கல் பட்டால் பல் போகும். கத்தரி அவ்வளவு சீக்கிரம் அசராது. லோடரின் சாதாரண ஹைட்ராலிக் எண்ணெய் ஓட்டமே அதற்குப் போதும். பலகைக்காக மரம் வெட்டுபவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும். கத்தரி அடிமரத்தைப் பிளந்துவிடும்.

மரத்தைப் பிடித்துத் தூக்கும் கையுள்ள கத்தரியானால் எடைக்கணக்கு முக்கியம். கத்தரியும் பச்சை மரமும் சேர்ந்து லோடரின் தூக்கும் திறனுக்குள் அடங்க வேண்டும்.