செப்பேட்டுத் தரவுத்தளத்தில் தேடல் வரிசை: மட்டாஞ்சேரிச் செப்பேட்டை முன்வைத்து ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் எழுப்பப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தில் பாஸ்கர ரவிவர்மனின் செப்பேடு பாதுகாக்கப்பட்டு வருகிறது. கி.பி. 1000ஐ ஒட்டியதாகக் கருதப்படும் இச்செப்பேடு, யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 வீடுபேறுகளையும் வழங்குகிறது. வட்டெழுத்தில், கிரந்த எழுத்துகள் விரவ எழுதப்பட்ட இதனை ஹுல்ட்ஸ் ‘எபிகிராபியா இண்டிகா’ மூன்றாம் தொகுதியில் பதிப்பித்தார்.

இத்தகைய ஆவணங்கள் இன்று எக்ஸ்.எம்.எல். குறியீட்டில் தரவுத்தளங்களாகத் தொகுக்கப்படுகின்றன. 2019இல் தொடங்கிய தர்மா திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளையும் எபிடாக் என்னும் குறியீட்டு முறையில் அமைத்தது. மூலம், பாடவேறுபாடு, மொழிபெயர்ப்பு, விளக்கம், நூற்பட்டியல் ஆகியவற்றைத் தனித்தனி உறுப்புகளாகப் பிரித்தல் இம்முறையின் சிறப்பு. ஆயினும் தேடற்பொறி விடைகளை வரிசைப்படுத்தும்போது இப்பகுப்பு பெரிதும் பயன்கொள்ளப்படுவதில்லை. இக்குறையையும் அதற்கான தீர்வையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. எண்ணிக்கையும் பொருத்தமும்

சொல்லின் அருமையை அதன் பொருத்தத்திற்கு அளவுகோலாகக் கொள்ளும் கருத்தைக் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் முன்வைத்தார். அக்கருத்தையும் உள்ளடக்கிய பி.எம்.25 என்னும் வாய்பாடே இன்று பரவலாக வழங்குகிறது. லூசின் தேடற்பொறியில் இதன் இயல்பான மாறிலிகள் செறிவுக்கு 1.2, நீளத் திருத்தத்திற்கு 0.75 ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். முதல் ஆவணத்தில் ‘அஞ்சுவண்ணம்’ மூலத்தில் 3 முறை வருகிறது எனவும், இரண்டாம் ஆவணத்தின் மூலத்தில் அச்சொல் இன்றி, பதிப்பாசிரியர் விளக்கத்தில் மட்டும் 30 முறை வருகிறது எனவும் கொள்வோம். நீள வேறுபாட்டை ஒதுக்கிவிட்டால், மரபான வாய்பாட்டின்படி முதலாவதன் மதிப்பு 1.57, இரண்டாவதன் மதிப்பு 2.12. எண்ணிக்கை பத்து மடங்காயினும் மதிப்பு மூன்றிலொரு பங்கே மிகுகிறது என்பது வாய்பாட்டின் நற்கூறு. எனினும் சான்று பின்தள்ளப்பட்டு, சான்றைப் பற்றிய பேச்சு முன்னிற்கிறது.

ராபர்ட்சன், சரகோசா, டெய்லர் ஆகியோர் 2004இல் முன்மொழிந்த விரிவாக்கம் இங்குத் துணைபுரிகிறது. உறுப்புதோறும் மதிப்பிட்டுப் பின் கூட்டாமல், எண்ணிக்கைகளை முதலில் எடையிட்டுக் கூட்டி, அதன்பின் வாய்பாட்டில் இடுதல் இதன் நெறி. மூலத்திற்கு 4, விளக்கத்திற்கு 1 என எடையிட்டால் மதிப்புகள் முறையே 2.00, 2.12 ஆகின்றன, வரிசை மாறவில்லை. விளக்கத்தின் எடையை 0.2 ஆக்கினால் இரண்டாவது 1.83 ஆகக் குறைந்து மூலம் முன்வருகிறது. மூலத்தை நான்கு மடங்கு உயர்த்துவது மட்டும் இங்குப் போதவில்லை, மூலத்திற்கும் விளக்கத்திற்கும் இடையிலான எடை விகிதமே வரிசையை முடிவு செய்கிறது என்பது இதனால் பெறப்படும்.

3. சொல்வடிவும் பெயர்வடிவும்

தமிழ்ப் பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்கையில் அடியே திரிகிறது. ‘அஞ்சுவண்ணம்’, ‘அஞ்சுவண்ணத்து’, ‘அஞ்சுவண்ணத்தார்க்கு’ என்பன பொறிக்கு மூன்று வேறு சொற்கள். இதனால் இழப்பு இருவகைப்படும். ஒன்று, பிற வடிவங்கள் விடுபடுதல். மற்றொன்று, ஒவ்வொரு வடிவமும் தனித்து எண்ணப்படுவதால் பரவலான சொல்லும் அரிய சொல்லாகத் தோன்றி மிகை எடை பெறுதல். பின்னது எளிதில் கண்ணுக்குப் புலப்படாதது. ஆதலின் மிகுதியும் தீங்கு பயப்பது.

பெயர்களின் நிலை இன்னும் கடினம். செப்பேட்டில் ஜோசப் ரப்பான் ‘இஸ்ஸுப்பு இரப்பான்’ எனத் தமிழொலிமரபிற்கேற்ப இகர முதலாய் நிற்கிறார். இன்றைய வடிவில் தேடுவோர்க்கு விளக்கங்கள் மட்டுமே கிட்டும், மூலம் கிட்டாது. ஆட்பெயர் உறுப்பில் பொது அடையாளம் ஒன்றை இணைத்து, அதனையும் சுட்டெண்ணில் சேர்ப்பதே இதற்கு வழி.

4. மொழிக்குறி

மொழியியலாளர் மிகுந்த கருத்துச் செலுத்த வேண்டிய இடம் இதுவே. இச்செப்பேட்டின் மொழியைத் தமிழ் என்பாரும் பழைய மலையாளம் என்பாரும் உளர். எக்ஸ்.எம்.எல். மொழிக்குறியோ ஓர் உறுப்பிற்கு ஒரு மதிப்பையே ஏற்கும். எந்த உருபுநீக்கி இயங்க வேண்டும் என்பதை அக்குறி முடிவு செய்யுமாறு அமைத்தால், ‘மலையாளம்’ எனக் குறிக்கப்பட்ட செப்பேடு, தமிழ் ஆவணங்களுக்குள் மட்டும் தேடுவோர்க்குத் தோன்றாமலே போகும். அறிஞரிடையே முடிவுறாத ஒரு வழக்கு, குறியிடுவோர் இட்ட இரண்டெழுத்தில் ஓசையின்றித் தீர்க்கப்பட்டுவிடுகிறது. ஐயத்திற்குரிய ஆவணங்களை இருமொழிச் சுட்டெண்ணிலும் சேர்த்தல் நேரிது.

5. முடிவுரை

மேலே தரப்பட்ட 4, 0.2 என்னும் எடைகள் முடிந்த முடிபுகள் அல்ல. சொல்லாட்சி தேடும் மொழியியலார்க்கு மூலம் முதன்மையானது. வணிகக் குழுக்களை ஆராயும் வரலாற்றாசிரியர்க்கு விளக்கமே முதற்றேவையாதல் கூடும். ஆகவே எடைகள் பயனாளர் மாற்றத்தக்கனவாக இருத்தல் வேண்டும். 2002இல் தொடங்கிய இனெக்ஸ் என்னும் எக்ஸ்.எம்.எல். தேடல் மதிப்பீட்டு முயற்சி, எந்த உறுப்பு பொருத்தமானது என்பதை மனிதர் தீர்ப்பால் அளந்தது. அதுபோன்று கல்வெட்டறிஞர் தேர்ந்த வினாக்களும் தீர்ப்புகளும் கொண்ட ஒரு சோதனைத் தொகுப்பு தமிழுக்கு வேண்டும்.

பதிப்பாசிரியர் தாம் கொண்ட பாடத்திற்குக் காரணம் கூறுதல் மரபு. எந்த ஆவணம் முதலில் கண்ணிற்படும் என்பதை முடிவு செய்வோரும் அவ்வாறே காரணம் கூறக் கடமைப்பட்டவர். எடைகளை வெளிப்படையாக அறிவிக்காத தரவுத்தளம், பதிப்புநெறி கூறாத பதிப்பைப் போன்றதே.